டைஃபாய்டிலிருந்து தேறும் மனைவிக்குப் பால், முட்டை, மீன் இல்லாமல் என்ன சமைப்பது?

களியக்காவிளைக்காரன்

வணக்கம். என் மனைவி டைஃபாய்டு வந்து மருத்துவமனையில் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். காய்ச்சல் விட்டுவிட்டது, மாத்திரை இன்னும் சில நாட்களுக்கு இருக்கிறது. ஆனால் ஆள் பாதியாகிவிட்டாள். 52 கிலோ இருந்தவள் இப்போது 45 கிலோதான் இருக்கிறாள். குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள்.

அவள் சில ஆண்டுகளாக வீகன். பால், தயிர், நெய், முட்டை, மீன், தேன் எதையும் தொடமாட்டாள். யோசித்து எடுத்த முடிவு அது. நான் மீன் சாப்பிடுகிறவன் என்றாலும் அந்த முடிவை மதிக்கிறேன். நோயில் விழுந்திருக்கும் நேரம் பார்த்து அதை அசைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை. என் அம்மாவுக்கு அவள் மேல் உயிர். அந்தப் பாசத்தில்தான், "ஒரு முட்டையாவது அவித்துக் கொடு, கொஞ்சம் மீன் சாறாவது ஊற்று, இல்லாவிட்டால் இவள் எழுந்திருக்க மாட்டாள்" என்று அடுக்களையில் நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அது உள்ளே படுத்திருப்பவள் காதில் விழுகிறது. அன்றைக்கு அவள் சாப்பிடுவது இன்னும் குறைகிறது.

எளிதில் செரிக்கும் உணவாகக் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். மருத்துவமனையில் கொடுத்த தாளில் பால், மோர், முட்டை வெள்ளைக்கரு என்று இருக்கிறது. இப்போது நான் கொடுப்பது பொடியரிசிக் கஞ்சி, இட்லி, இளநீர். கஞ்சியில் அரைக் கிண்ணம் தாண்டுவதில்லை. வாய் கசக்கிறது என்கிறாள். பாறசாலையில் இருக்கும் அவள் அண்ணி கூவைப்பொடி (ஆரோரூட் மாவு) கொடுத்துவிட்டிருக்கிறார். காலையில் எழுந்து நான்தான் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். சமையல் எனக்கு வரும். எதைச் சமைத்தால் அவள் உடம்பில் ஒட்டும் என்பதுதான் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொல்லங்கோட்டு வாசகி

கூவைப்பொடியை விடாதீர்கள். தண்ணீரில் கரைத்துக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சினால் வயிற்றுக்கு இதமாக இருக்கும். எங்கள் வீட்டில் நோய் தேறுகிறவர்களுக்கு முதலில் அதுதான். அதோடு முளைகட்டிய சிறுபயறு பச்சையாகக் கொடுங்கள், காணம் (கொள்ளு) அவித்த தண்ணீரில் ரசம் வையுங்கள். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) மசித்துக் கொடுத்தால் வயிறு நிறையும். ஆடி மாதத்து மருந்துக் கஞ்சிப் பொட்டலம் கடையில் கிடைத்தால் அதுவும் உடம்பைத் தேற்றும். அவர் சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தக்கலை அக்கா

தம்பி, நான் ஓய்வுபெற்ற செவிலியர். மருத்துவ வார்டில் டைஃபாய்டு நோயாளிகளை நிறையப் பார்த்தவள். உங்கள் அம்மாவுக்கும் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்தே எழுதுகிறேன், இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பாலும் முட்டையும் மீனும் இல்லாமல் டைஃபாய்டு நோயாளி தேறுவார். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வெறும் கஞ்சியில் தேறமாட்டார். அந்தப் பிள்ளை எழுந்திருக்காததற்குக் காரணம் மீன் இல்லாதது அல்ல, கிண்ணத்தில் பெரும்பகுதி தண்ணீராக இருப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிண்ணம் நீர்த்த கஞ்சியில் ஒரு கைப்பிடி அரிசி, அதாவது 30 கிராம் இருக்கும். அதில் சுமார் 100 கலோரி, புரதம் 2 கிராம். அவர் குடிப்பது அதிலும் பாதி. நோயில் தசை கரைந்து தேறுகிறவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 45 கிலோவுக்கு அது 54 முதல் 68 கிராம். அரைக் கிண்ணக் கஞ்சியில் கிடைப்பது ஒரே ஒரு கிராம். எத்தனை முறை கொடுத்தால் நிறையும்?

மென்மையான உணவு கொடுக்கச் சொல்வதன் காரணமும் தெரிய வேண்டும். டைஃபாய்டுக் கிருமி சிறுகுடலின் கடைப்பகுதியில், பேயர் திட்டுகள் என்ற இடங்களில் தங்கிப் புண்ணாக்குகிறது. காய்ச்சல் விட்ட பிறகும் அந்தப் புண் ஆற நாள் பிடிக்கும். ஆகவே தோல், உமி, விதை, முரட்டு நார், காரம் ஆகியவற்றை இப்போதைக்கு ஒதுக்குகிறோம். சத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே டைஃபாய்டு நோயாளியைப் பட்டினி போட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வாரன் கோல்மன் என்ற மருத்துவர்தான் அந்த வழக்கத்தை எதிர்த்துக் கலோரி நிறைந்த உணவைக் கொடுத்து, நோயாளியின் உடம்பு கரையாமல் காக்க முடியும் என்று காட்டினார். அவர் நாட்டில் அதற்குப் பாலும் ஏடும் முட்டையும் இருந்தன. நம் வீட்டில் பருப்பு, உளுந்து, நிலக்கடலை, தேங்காய் இருக்கின்றன.

ஆகவே கஞ்சியை விட வேண்டாம், கஞ்சிக்குள் போடுவதை மாற்றுங்கள். பொடியரிசி ஒரு பங்கு, தோல் நீக்கிய சிறுபருப்பு ஒரு பங்கு. பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்துக் குக்கரில் குழைய வையுங்கள். மத்தால் கடைந்து உப்புப் போட்டு, இறக்கியதும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ ஊற்றிக் கலக்குங்கள். அந்த ஒரு கரண்டியில் மட்டும் 120 கலோரிக்கு அருகில் இருக்கிறது, கிண்ணத்தின் அளவும் கூடாது. குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு எண்ணெய் பெரிய உதவி.

கெட்டியாக வைத்தால் தொண்டையில் இறங்கவில்லை என்பார். அதற்கு ஒரு வழி இருக்கிறது. முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கி நல்ல சூடாக இருக்கும்போது இரண்டு தேக்கரண்டி மாவைப் போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். திறந்து பார்த்தால் கெட்டிக் கஞ்சி நீர்த்திருக்கும். முளைத்த தானியத்தில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் அப்படி ஆகிறது. தண்ணீர் ஊற்றவில்லை, சத்து அப்படியே இருக்கிறது, குடிக்க மட்டும் எளிதாகிறது. கொதிக்கும்போதே போட்டால் நொதி செத்துவிடும், பலன் இருக்காது. நீர்த்த பிறகு மறுபடி ஒரு கொதி வரவிட்டு ஆற்றிக் கொடுங்கள், மாவில் வந்த கிருமி போக வேண்டும் அல்லவா. இதைச் செய்தால் அதே அரைக் கிண்ணத்தில் இரண்டு மடங்கு மாவு உள்ளே போகும். கேழ்வரகு மாவை மெல்லிய துணியில் சலித்துக்கொண்டால் உமி நின்றுவிடும்.

உளுந்தங்கஞ்சியை உங்கள் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் அதை வைக்கத் தெரியாத மாமியாரை நான் பார்த்ததில்லை. தோல் நீக்கிய உளுந்து 50 கிராம், பச்சரிசி ஒரு சிறு கை, இரண்டு பல் பூண்டு. உளுந்தைச் சிவக்காமல் வறுத்து எல்லாவற்றையும் குழைய வேகவைத்துக் கடைந்து, வடிகட்டிய கருப்பட்டிப் பாகு ஊற்றி, சுக்குத்தூள் ஒரு சிட்டிகை போட்டு, கடைசியில் தேங்காயின் முதல் பால். நெய் வேண்டியதே இல்லை, தேங்காய்ப் பாலின் வாசமே போதும். இந்த உளுந்தில் மட்டும் 12 கிராம் புரதம் கிடைக்கிறது. முட்டை கொடு என்று சொல்லும் கைக்கு ஒரு முட்டையைவிட அதிகப் புரதம் கொடுக்கும் வேலை கிடைத்துவிட்டால் வீட்டில் பேச்சும் மாறும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தேங்காய்ப் பாலைப் பசும்பாலுக்கு ஈடாக நினைத்துவிடாதீர்கள். அதில் கொழுப்பு உண்டு, ருசி உண்டு, புரதம் மிகக் குறைவு. பாலின் இடத்துக்கு வர வேண்டியது சோயா பால். ஒரு தம்ளரில் ஏறக்குறைய 6 முதல் 7 கிராம் புரதம் இருக்கும், வாங்கும்போது கால்சியம் சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள். அது கிடைக்காத நாளில் நிலக்கடலைப் பால்: இரவே ஊறவைத்துத் தோலை உரித்து அரைத்து வடிகட்டி, நன்றாகக் கொதிக்க வைத்துக் கருப்பட்டி சேர்க்கலாம். கடலையில் பூஞ்சை பிடித்த, சுருங்கிய பருப்பு இருந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

கூவைப்பொடி வயிற்றுக்கு இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வெறும் மாவுச்சத்து. தண்ணீருக்குப் பதில் சோயா பாலில் காய்ச்சுங்கள், அப்போது அது உணவாகும். மரச்சீனியும் அப்படியே. நம் பக்கத்தில் மரச்சீனியும் மீனும் சேர்ந்தே தட்டில் வந்ததற்குக் காரணம் ருசி மட்டும் இல்லை. கிழங்கில் புரதம் இல்லாததை மீன் நிரப்பியது. விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் பரவிய கிழங்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்து அரிசிப் பஞ்சத்தில் எத்தனையோ வீடுகளின் உயிரைக் காத்தது. பசியை அடக்கும். கரைந்த தசையை மீட்டுத் தராது. மீனை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பயறு உட்கார வேண்டும். வீகன் உணவின் சூட்சுமம் முழுவதும் இதுதான். மீனை மட்டும் எடுத்துவிட்டுக் கிழங்கை அப்படியே வைத்தால் அந்தப் பிள்ளை இன்னும் இளைக்கும்.

முளைகட்டிய பயறு பச்சையாக இப்போது வேண்டவே வேண்டாம். முளைகட்டும் ஈரத்திலும் சூட்டிலும் கிருமியும் வளரும். வேகவைத்துத் தோல் எடுத்து மசித்தால் சரி. காணமும் மருந்துக் கஞ்சியும் குடல் ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். மருந்துக் கஞ்சியில் என்னென்ன பச்சிலை சேர்ந்திருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லாமல், மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது கொடுக்காதீர்கள். கொல்லங்கோட்டுத் தங்கை தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் சொன்னது எல்லாம் நல்ல உணவுதான், நேரம் மட்டும் இது இல்லை.

நன்கு பழுத்த ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழத்தை) ஆவியில் அவித்து, நடுவில் உள்ள கறுப்பு விதையை நீக்கி மசித்து, இரண்டு கரண்டி தேங்காய்ப் பால் ஊற்றிக் கொடுங்கள். மாலை நேரத்துக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. வாய்க் கசப்புக்கு எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு கஞ்சியில் விடலாம், உப்பில் ஊறிய நார்த்தங்காய்த் துண்டு ஒன்று நாக்கில் வைத்துக்கொள்ளலாம். சுட்ட பப்படம் தொட்டுக்கொள்ளக் கொடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று வைக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு கிண்ணமாகக் கொடுங்கள். எவ்வளவு குடித்தார் என்று கேட்டுக் கேட்டு நச்சரிக்காமல், கிண்ணத்தை எடுக்கும்போது நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் திரும்பினாலோ, மலம் கறுத்தாலோ, வயிற்றில் திடீரென்று கடும் வலி வந்தாலோ உணவை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நோய் தணிந்த பிறகும் இரண்டு மூன்று வாரத்தில் டைஃபாய்டு திரும்புவது உண்டு.

களியக்காவிளைக்காரன்

அக்கா, இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. வாசித்துக் காட்டினேன். அம்மா உடனே உளுந்து எங்கே என்று கேட்டுவிட்டார். இரண்டு சந்தேகம். சோயா உருண்டையைக் கொடுக்கலாமா? வாயுத் தொல்லை வரும் என்கிறார்களே. கீரை எப்போது தொடங்கலாம்? எங்கள் முற்றத்து முருங்கை இப்போது தழைத்து நிற்கிறது.

தக்கலை அக்கா

உருண்டையை முழுதாகக் கொடுக்க வேண்டாம். கொதிநீரில் போட்டுப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஒருமுறை அதேபோல் செய்து மிக்ஸியில் தூளாக்கிக்கொள்ளுங்கள். காய்ந்த உருண்டை 30 கிராமில் ஏறக்குறைய 15 கிராம் புரதம் இருக்கிறது. அந்தத் தூளைப் பரங்கிக்காய் மசியலோடு தேங்காய் அரைத்து வேகவைத்தால் குழம்புபோல் வரும். முதல் நாள் ஒரு கரண்டி, வயிறு ஏற்றுக்கொண்டால் அடுத்த நாள் இரண்டு. சோயா பன்னீர் (டோஃபு) கிடைத்தால் உருண்டையைவிட அது எளிது, பச்சையாகக் கொடுக்காமல் மஞ்சள் தூள் போட்டு வேகவைத்து உதிர்த்துக் கொடுங்கள். பருப்புக்குப் பெருங்காயமும் சீரகமும் சேர்த்தால் வாயு அடங்கும்.

முருங்கைக்கீரைக்கு இப்போது காம்பு முழுவதும் நீக்கிய இளந்தளிர் மட்டும். பருப்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்து வடிகட்டிச் சூப்பாகக் கொடுங்கள். வயிறு சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு கீரையாகவே சமைக்கலாம். எலுமிச்சையோ நெல்லிக்காய்ச் சாறோ கூடவே போகட்டும், கீரையிலும் பயற்றிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது வேண்டும். சாப்பாட்டோடு தேயிலைத் தண்ணீர் கொடுத்தால் அதே இரும்பு வீணாகிவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

மாத்திரை பெயர் சிப்ரோஃப்ளாக்சசின் வகை என்றால், கால்சியம் சேர்த்த சோயா பாலோடும் இரும்பு மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக் கூடாது, மருந்து உள்ளே போய்ச் சேராது. எவ்வளவு இடைவெளி என்று மருந்துக் கடையிலேயே சொல்வார்கள்.

செங்கோட்டை வீகன்

நான் பல ஆண்டுகளாக வீகன். அக்கா சமையல் பக்கத்தை முழுக்கச் சொல்லிவிட்டார். விடுபட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், அது மிக முக்கியம். உங்கள் மனைவி பி12 மாத்திரை எடுத்துக்கொள்கிறாரா?

தாவர உணவு எதிலும் நம்பத்தக்க அளவில் வைட்டமின் பி12 இல்லை. பழைய சோற்றில் இருக்கிறது, சுருள்பாசியில் (ஸ்பைருலினாவில்) இருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத வடிவம். பழைய சோற்றை நம்பி ஒருவர் இருக்க முடியாது, குடல் புண் ஆறாத நேரத்தில் இரவெல்லாம் வெளியில் ஊறிய சோறு கொடுக்கவும் கூடாது. உடம்பு பி12ஐக் கல்லீரலில் சேர்த்து வைத்திருப்பதால் வீகனாக மாறிய முதல் ஓரிரு ஆண்டுகளில் குறை தெரியாமல் போகும். பிறகு களைப்பு, மூச்சு வாங்குதல், கை கால் மரத்தல் என்று தொடங்கும். உங்கள் மனைவி குளித்துவிட்டு வந்து மூச்சு வாங்குவது டைஃபாய்டின் பலவீனமாகவே இருக்கலாம், ஆனால் இரத்தசோகையும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி நான்கையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நோய் தேறும் காலத்தில் ஃபெரிட்டின் சற்று உயர்ந்து காட்டும், ஆகவே அந்த எண்ணை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

வீகனாக இருப்பதால்தான் டைஃபாய்டு வந்தது என்று யாராவது சொன்னால் அதைக் கேட்க வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். அது அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது, மீன் சாப்பிடுகிற வீட்டுக்கும் வருகிறது. அவர் கொள்கையைக் காப்பாற்றிக்கொண்டே அவரைத் தேற்றப் பார்க்கிறீர்களே, அதற்காக உங்களுக்கு என் நன்றி. படுத்திருக்கும்போது பக்கத்தில் அப்படி ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

களியக்காவிளைக்காரன்

முன்பு பி12 எடுத்துக்கொண்டிருந்தாள், இடையில் விட்டுப்போய்விட்டது. பரிசோதனைக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மாத்திரை எதுவானாலும் வாங்கலாமா? அதிலும் விலங்குப் பொருள் இருக்குமோ என்று கேட்கிறாள்.

நேற்று அம்மா வைத்த உளுந்தங்கஞ்சி ஒரு கிண்ணம் முழுதாகக் குடித்தாள். முளைக்கேழ்வரகு மாவுக்கு, பயறு வாங்கும் கடையிலேயே சொல்லி வைத்திருக்கிறேன்.

செங்கோட்டை வீகன்

அவர் கேட்பது நியாயமான கேள்வி. பி12 நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படுவது, அதனால் மருந்தில் சிக்கல் இல்லை. உறையில்தான் பார்க்க வேண்டும். ஜெலட்டின் உறை விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வருவது. உறையில்லாத மாத்திரையாகவோ, நாக்கின் அடியில் கரையும் மாத்திரையாகவோ கேட்டு வாங்குங்கள். அதில் பால் சர்க்கரையான லாக்டோஸ் இருக்கிறதா என்று அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்து மெழுகிலிருந்து எடுப்பது. பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கனிலிருந்து எடுத்த டி3 கிடைக்கிறது, இல்லாவிட்டால் டி2 இருக்கிறது. பரிசோதனையில் பி12 மிகவும் குறைந்திருந்தால் மருத்துவர் ஊசி போடச் சொல்வார், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தக்கலை அக்கா

ஒரு கிண்ணம் முழுதாகக் குடித்தாள் என்று வாசித்ததும் மனம் நிறைந்தது. உங்கள் அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். நோய் விட்ட பிறகும் சில வாரங்கள் மலத்தில் கிருமி வெளியேறலாம். அந்தப் பிள்ளை தெம்பு வந்ததும் அடுக்களைக்குள் வந்து எல்லோருக்கும் சமைக்கப் பார்க்கும். மலப் பரிசோதனை செய்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மற்றவர்களுக்கான சமையலில் கை வைக்க வேண்டாம், கழிப்பறை போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டில் கிணற்றுத் தண்ணீர் என்றால் குடிக்கவும் துவையல் அரைக்கவும் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரே எடுங்கள். இளநீரைக் கடையில் வெட்டி வாங்கி வராமல் காயாகவே கொண்டுவந்து வீட்டில் வெட்டுங்கள்.